ரோமானியத் தலைக்கவசங்களின் படப்பட்டியல்: எண்ணிடுவதிலிருந்து வெளியிடுவது வரை

பண்டைய ரோமானியப் படையினர் அணிந்த தலைக்கவசங்களில் இன்று எஞ்சியிருப்பவை ஸ்காட்லாந்திலிருந்து சிரியா வரை அருங்காட்சியகங்களிலும் தனியார் சேகரிப்புகளிலும் சிதறிக் கிடக்கின்றன. அவற்றைப் படங்களோடு ஒரே இடத்தில் பட்டியலிட விரும்புவோர் பெரும்பாலும் கேமராவிலிருந்துதான் தொடங்குகிறார்கள். கொஞ்ச காலத்தில் கணினி முழுக்கப் படங்கள் சேர்ந்துவிடும். எந்தப் படம் எந்தக் கவசத்துடையது, அது அசலா நகலா, இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்டால் பதில் இருக்காது.

இந்த வேலைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் பொருள், அடுத்து எண், பிறகு படம், கடைசியில் வகைப்பெயர். கீழே உள்ள எல்லாப் படிகளும் இந்த வரிசையில்தான் வருகின்றன.

தொடங்கும் முன் வேண்டியவை

ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போதும். தரவுத்தளம் கட்டுவதில் முதல் மாதத்தைச் செலவழிக்க வேண்டாம். என்னென்ன பத்திகள் வேண்டும் என்பது சில கவசங்களைப் பதிந்த பிறகுதான் தெளியும்.

படமெடுக்க, ரா கோப்பு (கேமரா பதிந்ததைச் சுருக்காமல் வைக்கும் கோப்பு) தரும் கேமரா, 90 முதல் 105 மி.மீ. வரையிலான மேக்ரோ லென்ஸ், ட்ரைபாட், 10 செ.மீ. அளவுகோல், நிறஅட்டை ஆகியவை வேண்டும். இவை இல்லாவிட்டாலும் முதல் ஐந்து படிகளை முடித்துவிடலாம். உண்மையில் வேலையின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

1. எதைச் சேர்ப்பீர்கள் என்பதை எழுதி வையுங்கள்

‘ரோமானியத் தலைக்கவசம்’ என்பது கேட்பதற்குத் தெளிவாக இருக்கும். பட்டியல் போட உட்கார்ந்தால்தான் சிக்கல் தெரியும். உச்சியில் குமிழ் வைத்த மான்டிஃபோர்டினோ வகைக் கவசத்தை ஐரோப்பியப் பழங்குடிகளான கெல்ட்டியரும் அணிந்தார்கள், இத்தாலியின் பிற இனத்தாரும் அணிந்தார்கள். சிசிலிக்கு மேற்கே எகாடித் தீவுகளருகே, கி.மு. 241இல் ரோமும் கார்த்தேஜும் மோதிய கடற்போர்க்களத்தின் அடியிலிருந்து இவ்வகைக் கவசங்கள் எடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றையும் அணிந்தவர் எந்தத் தரப்பு என்று எப்படிச் சொல்வது?

இத்தாலியின் பாம்பேயில் 1766-67இல் கிடைத்த கிளாடியேட்டர் (அரங்கச் சண்டை வீரர்) கவசங்கள் இன்னொரு கேள்வி. அவை ரோமானியர் செய்தவைதான், ஆனால் போர்க்களத்துக்கு உரியவை அல்ல. அவற்றைத் தனிப் பிரிவாக வைப்பதே நல்லது என்பது என் கருத்து. படைக்கவசங்களோடு கலந்தால் எடை, அளவு ஒப்பீடுகள் எல்லாம் குழம்பிவிடும்.

காலம், இடம், யார் அணிந்தது, முழுமையா துண்டா என்ற நான்குக்கும் ஒவ்வொரு வரியில் முடிவை எழுதி வையுங்கள். தனியாகக் கிடைக்கும் கன்னத் தகடுகளைச் சேர்ப்பதா என்பதையும் இப்போதே தீர்மானியுங்கள். அவற்றின் எண்ணிக்கை மிக அதிகம். பாதி வழியில் அவற்றைச் சேர்க்கத் தொடங்கினால் முன்பு பார்த்த அருங்காட்சியகங்களையெல்லாம் மறுபடி பார்க்க வேண்டிவரும்.

2. படம் தேடுவதற்கு முன் எண் கொடுங்கள்

ஒவ்வொரு கவசத்துக்கும் 0001, 0002 என்று பொருளற்ற தொடர் எண் கொடுங்கள். வகையையோ நாட்டையோ எண்ணுக்குள் புதைக்காதீர்கள். வகைப்பெயர் மாறும், கவசம் கைமாறும். எண் மட்டும் மாறக் கூடாது.

பெயரை நம்பியும் இருக்க முடியாது. ஸ்காட்லாந்தின் நியூஸ்டெட் கோட்டையில், 1905 முதல் 1910 வரை ஜேம்ஸ் கர்ல் நடத்திய அகழாய்வில் ஒன்றுக்கு மேற்பட்ட தலைக்கவசங்கள் கிடைத்தன. ‘நியூஸ்டெட் கவசம்’ என்று மட்டும் எழுதிய படத்தில் இருப்பது இரும்பு முகமூடியுடையதா, பித்தளையால் ஆனதா என்று பெயர் சொல்லாது.

உங்கள் எண்ணுக்கு அருகிலேயே அருங்காட்சியகப் பதிவெண்ணுக்கு ஒரு பத்தி இருக்கட்டும். அதை இருக்கிறபடியே, காற்புள்ளி முற்றுப்புள்ளி மாறாமல் படியெடுங்கள். லண்டனின் பிரிட்டிஷ் மியூசியத்தில், இங்கிலாந்தின் ரிப்செஸ்டரில் கிடைத்த கவசத்தின் பதிவெண் 1814,0705.1. அதாவது 1814 ஜூலை 5ஆம் தேதிப் பதிவின் முதல் பொருள். ஒரு புள்ளி விடுபட்டால் அருங்காட்சியகத் தேடலில் பொருள் அகப்படாது. அது எப்போது உள்ளே வந்தது என்ற தகவலும் கையைவிட்டுப் போகும்.

துண்டுகளுக்கு எண்ணோடு எழுத்தைச் சேர்க்கலாம்: 0042அ, 0042ஆ. ஆனால் அவை ஒரே கவசத்தைச் சேர்ந்தவை என்று உறுதியானால் மட்டும். இங்கிலாந்தின் ஹாலட்டனில் 2000த்துக்குப் பிறகு தோண்டியெடுத்த குதிரைப்படைக் கவசத்தோடு, ஒரு கவசத்துக்கு வேண்டியதைவிட அதிகமான கன்னத் தகடுகள் இருந்தன. இப்படிப்பட்ட இடங்களில் ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொடுத்து, ‘உடன் கிடைத்தவை’ என்ற பத்தியில் இணைப்பதே பாதுகாப்பு. பிரித்து வைத்ததைப் பிறகு சேர்ப்பது எளிது. சேர்த்து வைத்ததைப் பிரிக்கப் போனால் எந்தப் படம் எதற்கு உரியது என்ற சிக்கல் திரும்பவும் வரும்.

3. மூன்று கவசங்களில் கை பழகுங்கள்

பிரிட்டனில் முகமூடியோடு கிட்டத்தட்ட முழுமையாகக் கிடைத்த குதிரைப்படைக் கவசங்கள் மூன்று: ரிப்செஸ்டர், நியூஸ்டெட், க்ராஸ்பி காரெட். புதிதாக வருபவர்கள் வேறு எதையும் தொடுமுன் இம்மூன்றையும் முழுமையாகப் பதிய வேண்டும் என்று சொல்வேன். பின்னால் வரும் இடர்கள் பெரும்பாலும் இவற்றுக்குள்ளேயே அடங்கியிருக்கின்றன.

ரிப்செஸ்டர் கவசம் 1796இல் கிடைத்தது. அசல் லண்டனில் இருக்கிறது. கிடைத்த ஊரின் அருங்காட்சியகத்தில் இருப்பது நகல். ஊர்ப்பெயரை வைத்துப் படம் தேடுபவர்கள் நகலின் படத்தை அசல் என்று பதிந்துவிடுகிறார்கள்.

க்ராஸ்பி காரெட் கவசம் 2010 மே மாதம் கம்பிரியாவில் உலோகம் கண்டறியும் கருவியால் கிடைத்தது. அதே ஆண்டு அக்டோபரில் ஏலத்தில் ஏறத்தாழ 23 லட்சம் பவுண்டுக்குப் போயிற்று. வாங்கியவர் பெயர் வெளியிடப்படவில்லை. விற்பனைக்கு முன்பே துண்டுகளை ஒட்டிச் சீரமைத்துவிட்டார்கள். ஆகவே துண்டுகளாக இருந்த நிலையைக் காட்டும் படங்கள் ஆய்வாளருக்கு, பளபளக்கும் ஏலப் படத்தைவிடப் பன்மடங்கு மதிப்புள்ளவை. ஒரே பொருளுக்கு ‘சீரமைப்புக்கு முன்’, ‘பின்’ என்று இரண்டு படத்தொகுதிகள் ஏன் வேண்டும் என்பது இங்கே விளங்கும்.

நியூஸ்டெட் கவசம் எடின்பரோவில் இருக்கிறது. ஒரே பெயரில் பல பொருள் இருக்கும் சிக்கலை அதில் பழகலாம்.

4. எங்கே, எந்தச் சொல்லால் தேடுவது

ஆங்கிலத்தில் மட்டும் தேடினால் பிரிட்டனும் அமெரிக்காவும்தான் நிரம்பும். கவசங்கள் அதிகம் கிடைத்ததோ ரைன், டான்யூப் கரைகளில். ஜெர்மனிலும் டச்சிலும் ஹெல்ம், பிரெஞ்சில் காஸ்க், இத்தாலியனில் எல்மோ, ஸ்பானியத்தில் காஸ்கோ, ஹங்கேரியனில் ஷிஷாக், ருமேனியனில் கோய்ஃப் என்று அந்தந்த மொழி எழுத்தில் தேடுங்கள்.

முதல் சுற்றுக்கு லைடன், நைமேகன், பான், மைன்ஸ், மியூனிக், ஸ்ட்ராபிங், சாகிரெப், புடாபெஸ்ட், நோவி சாட், நேப்பிள்ஸ் போதும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொதுமக்கள் கண்டெடுத்தவற்றுக்கு போர்ட்டபிள் ஆன்டிக்விட்டீஸ் ஸ்கீம் பதிவுகளைப் பாருங்கள்.

ஓர் அருங்காட்சியகத்தை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். அங்கொன்று இங்கொன்றாக எடுத்தால், எங்கே தேடி ‘இல்லை’ என்று கண்டோம் என்பதற்குக் குறிப்பு இருக்காது. ‘தேடினேன், கிடைக்கவில்லை’ என்பதையும் தேதியோடு எழுதுங்கள்.

5. இரட்டைப் பதிவையும் நகலையும் களையுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். ஒரு கவசம் மூன்று பெயரில் மூன்று இடத்தில் இருப்பதாகப் பட்டியலில் ஏறுவதற்குக் காரணங்கள் பல.

அருங்காட்சியகங்கள் ஒன்றுக்கொன்று கடன் கொடுக்கும். நிறுவனங்கள் பெயர் மாறும். 1852இல் மைன்ஸில் தொடங்கிய ரோமானிய-ஜெர்மானிய மைய அருங்காட்சியகம் 2023 முதல் லைசா என்ற பெயரில் இயங்குகிறது. பிற இடங்களில் உள்ள புகழ்பெற்ற பொருள்களுக்கு நகல் செய்வதில் நெடிய மரபு அதற்கு உண்டு. ‘மைன்ஸ்’ என்று குறித்த படத்தைக் கண்டால் அது அசல்தானா என்று முதலில் கேளுங்கள்.

தனியார் சேகரிப்புகள் கலையும். ஆக்சல் குட்மான் பெர்லினில் சேர்த்த பெருந்தொகுப்பு அவர் மறைவுக்குப் பிறகு ஏலங்களில் பிரிந்தது. அதில் ஒரு பகுதி தென் பிரான்சின் மூஜான் அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. 2011இல் திறந்த அதுவும் 2023இல் மூடப்பட்டு, பொருள்கள் மறுபடி விற்பனைக்கு வந்தன. ஒரே கவசத்துக்குக் குட்மான் எண், மூஜான் எண், ஏல எண் என்று மூன்றும் இருக்கலாம். ‘பழைய எண்கள்’ என்ற பத்தி இதற்காகத்தான்.

இரண்டு படங்கள் ஒரே கவசம்தானா என்று பார்க்க, வடிவத்தைப் பார்க்காதீர்கள். ஒரே வகைக் கவசங்கள் எல்லாமே அப்படித்தான் இருக்கும். சேதத்தைப் பாருங்கள். விளிம்பில் உடைந்த இடம், துருவால் விழுந்த ஓட்டையின் வடிவம், காணாமல்போன ரிவெட் (தகடுகளை இணைக்கும் ஆணி), நசுங்கல் என்று மூன்று அடையாளங்களாவது பொருந்த வேண்டும். படம் இடவலமாகத் திருப்பி அச்சாகியிருக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். பழைய அச்சுப் படங்களில் இது நடந்திருக்கிறது.

சேதமே மாறிய கவசங்களும் உண்டு. 1864இல் இங்கிலாந்தில் கிடைத்த கிஸ்பரோ கவசம் நசுங்கித் தட்டையாக இருந்தது. 1878இல் பிரிட்டிஷ் மியூசியத்தில் அதை மறுபடி உருக்கொடுத்து நிமிர்த்தினார்கள். 1936இல் சிரியாவின் ஹோம்ஸில் கிடைத்த எமெசா கவசம் 1955இல் லண்டனில் சீரமைக்கப்பட்டது. அந்த ஆண்டுக்கு முந்திய படத்தையும் பிந்திய படத்தையும் அடுத்தடுத்து வைத்தால் வேறு வேறு பொருள் என்றே தோன்றும். அதனால் எந்தப் படத்துக்கும் எடுத்த ஆண்டு இன்றியமையாதது.

6. அனுமதியைப் பயணத்துக்கு முன் கேளுங்கள்

கவசம் ஈராயிரம் ஆண்டுப் பழையது, யாருக்கு உரிமை என்று சிலர் வாதிடுவார்கள். பழையது பொருள். முப்பரிமாணப் பொருளை ஒருவர் ஒளியமைத்து எடுத்த படத்துக்கு அவருக்குப் பதிப்புரிமை உண்டு.

விதிகள் இடத்துக்கு இடம் வேறு. நியூயார்க்கின் மெட் அருங்காட்சியகம் பதிப்புரிமைக் கட்டுப்பாடு இல்லாத பொருள்களின் தன் படங்களை 2017 முதல் கட்டுப்பாடின்றித் தருகிறது. பிரிட்டிஷ் மியூசியம் தன் தளப் படங்களை வணிகமற்ற பயன்பாட்டுக்கு, பெயர் குறிப்பிடும் நிபந்தனையோடு அனுமதிக்கிறது. இத்தாலியின் அரசு அருங்காட்சியகங்களில் பார்வையாளர் வணிகமற்ற நோக்கில் படமெடுக்கலாம். விற்பனைக்கு என்றால் அனுமதியும் கட்டணமும் வேண்டும்.

காப்பாட்சியருக்கு எழுதும் கடிதம் ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். பதிவெண், எந்தெந்தக் கோணம், படம் எங்கே வெளியாகும், படங்களின் பிரதியை அவர்களுக்குத் தருவீர்களா என்ற நான்கும் போதும். ‘உங்களிடம் உள்ள எல்லாக் கவசங்களையும் பார்க்க வேண்டும்’ என்று எழுதினால் பதில் வராமல் போகவே வாய்ப்பு அதிகம். பதிவெண்ணோடு மூன்றே மூன்றைக் கேட்டால் வேலை தெரிந்தவர் என்று மதிப்பார்கள்.

7. காட்சிப் பெட்டிக்கு வெளியே நின்று எடுப்பது

முதல் படம் விளக்க அட்டை. இரண்டாவது, பெட்டி முழுவதும். மூன்றாவதிலிருந்துதான் கவசம். அட்டையைக் கடைசியில் எடுத்துக்கொள்ளலாம் என்பவர்கள் அதை மறந்துவிட்டு வீடு திரும்புகிறார்கள். வரிசையாக நான்கு கவசங்களை எடுத்த பிறகு எந்த அட்டை எதற்கு என்பது தெரியாது.

கண்ணாடியின் பிரதிபலிப்புக்குப் போலரைசர் வடிகட்டியை மாட்டினால் போதும் என்பது பரவலான நம்பிக்கை. நேருக்கு நேர் நின்று எடுக்கும்போது அதனால் பயனில்லை. கண்ணாடியைச் சாய்வாக, நேர்ப் பார்வையிலிருந்து ஏறத்தாழ 55 பாகை விலகிப் பார்க்கும்போதுதான் அது நன்றாக வேலை செய்யும். நேர்ப் பார்வைக்கு ரப்பர் ஹூட்டோடு லென்ஸைக் கண்ணாடிக்கு மிக அருகில் வைப்பதும், கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு போவதுமே கைகொடுக்கும். ஃபிளாஷ் வேண்டாம். தடை இல்லாத இடத்திலும் வேண்டாம். கண்ணாடியில் தெறித்துப் படத்தைக் கெடுக்கும்.

8. ஆய்வறையில் எடுப்பது

கவசத்தை அருங்காட்சியக ஊழியரே தூக்கட்டும். தாங்குவதற்குப் பாலிஎத்திலீன் நுரை வெட்டித் தரச் சொல்லுங்கள். கம்பளித் துணி விரிக்காதீர்கள். அதிலுள்ள கந்தகம் வெள்ளித் தகட்டைக் கறுக்கச் செய்யும்.

எட்டுப் பார்வைகள் வேண்டும்: முன், பின், இடது, வலது, முன்புற முக்கால் பார்வை இரண்டு, மேல், உட்புறம். உட்புறத்தை விட்டுவிடுபவர்கள் பலர். ரிவெட்டின் வால், பழைய பழுதுபார்ப்பு, நவீனப் பிசின் அடைப்பு, உள்ளே ஒட்டிய துணியின் எச்சம் எல்லாம் அங்கேதான் தெரியும். ஒரு கவசத்துக்கு ஒரே ஒரு படம்தான் அனுமதி என்றால்கூட முன்பக்கத்தை விட்டு உட்புறத்தை எடுக்கச் சொல்வேன்; முன்பக்கம் ஏற்கெனவே அச்சில் இருக்கும்.

இடது, வலது என்பது அணிந்தவருடைய இடது, வலது. பார்ப்பவருடையது அல்ல. இதை முதலிலேயே எழுதி வைக்காவிட்டால், இருவர் சேர்ந்து வேலை செய்யும் பட்டியலில் கன்னத் தகடுகள் பாதிக்குப் பாதி மாறிவிடும்.

கவசத்தின் விளிம்பு கிடைமட்டமாக இருக்க வேண்டும், லென்ஸ் அதே உயரத்தில் இருக்க வேண்டும். ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் தள்ளி நின்று நீண்ட லென்ஸால் எடுங்கள். பக்கத்தில் நின்று அகலக்கோண லென்ஸால் எடுத்தால் கழுத்துக் காப்பு வீங்கித் தெரியும். அந்தப் படத்தை வைத்து எதையும் ஒப்பிட முடியாது. லென்ஸின் துளையை எஃப் 8 முதல் 11 வரை வையுங்கள். அளவுகோல், கவசத்தின் நடுப்பகுதி இருக்கும் தூரத்திலேயே இருக்கட்டும். முன்னால் வைத்தால் கவசம் உள்ளதைவிடச் சிறியதாகக் கணக்காகும்.

வெள்ளீயம் பூசிய பரப்பும் வெள்ளித் தகடும் கண்ணாடி போல ஒளியைத் திருப்பி அடிக்கும். அவற்றுக்கு இருபுறமும் பரவலான மென்னொளி. கறுத்த இரும்புக்கு அதே ஒளி போதாது. ஒரு பக்கத்தைச் சற்றுக் கூட்டுங்கள், இல்லாவிட்டால் புருவப் புடைப்புகள் தட்டையாகிவிடும்.

9. பொறிப்புகளுக்குத் தனி அமர்வு

கழுத்துக் காப்பில் உரிமையாளர் பெயரும் அவருடைய நூற்றுவர் தலைவன் பெயரும் சிறு புள்ளிகளாகக் குத்தப்பட்டிருக்கும். கவசம் கைமாறும்போது பெயர்கள் கூடும். பிரிட்டிஷ் மியூசியத்தில் நால்வர் பெயர் பொறித்த கவசம் ஒன்று இருக்கிறது. அடுத்தடுத்து அதை அணிந்த மனிதர்களின் வரிசை அது. அதனால்தான் இந்தப் படியை அவசரப்பட்டு முடிக்க மனம் வருவதில்லை.

முன்னிருந்து விழும் ஒளியில் புள்ளிகள் மறைந்துவிடும். விளக்கைப் பரப்பிலிருந்து 10 - 15 பாகை உயரத்துக்குத் தாழ்த்தி, கேமராவை அசைக்காமல், விளக்கை மட்டும் எட்டுத் திசைக்கு நகர்த்தி எட்டுப் படம் எடுங்கள். ஒரு திசையில் மட்டும் எடுத்தால், அந்த ஒளிக்கு இணையாக ஓடும் கோடுகள் தெரியாமல் எழுத்து தவறாக வாசிக்கப்படும்.

10. எழுதிப் பதிவது

பழைய அட்டைகள் ‘வெண்கலம்’ என்று சொல்வனவற்றில் பல, சோதித்தபோது பித்தளையாக இருந்திருக்கின்றன. பகுப்பாய்வு இல்லாத வரை ‘செம்புக் கலவை’ என்றே எழுதுங்கள்.

என்ன எஞ்சியிருக்கிறது என்பதைத் தனிப் பத்தியில் சொல்லுங்கள். 1910இல் நெதர்லாந்தின் டெர்னே அருகே கரிச்சேற்று நிலத்தில் கிடைத்து இன்று லைடனில் உள்ள கவசத்தில், பொன்முலாம் பூசிய வெள்ளி உறை மட்டுமே இருக்கிறது. உள்ளிருந்த இரும்பு இல்லை. ஜெர்மனியின் கால்க்ரீசேயில் கிடைத்த முகமூடியில் நேர்மாறு: வெள்ளித் தகட்டை அந்தக் காலத்திலேயே உரித்துவிட்டார்கள், இரும்பு எஞ்சியது. இவற்றின் எடையை முழுக் கவசத்தின் எடை போலப் பதிந்தால் ஒப்பீடு பாழ்.

கண்டெடுத்த ஆண்டு, அருங்காட்சியகத்துக்கு வந்த ஆண்டு, கவசத்தின் காலம் மூன்றுக்கும் மூன்று பத்தி. கண்டெடுத்த இடம் எவ்வளவு துல்லியமாகத் தெரியும் என்பதையும் குறியுங்கள்: அகழாய்வுக் குழி வரையா, ஊர் வரையா, ‘ரைன் ஆறு’ என்று மட்டுமா. அண்மைக் கண்டெடுப்புகளுக்குச் சரியான ஆயத்தொலைவைப் பொதுவில் வைக்காதீர்கள். திருட்டுத்தனமாகத் தோண்டுகிறவர்களுக்கு அது வழிகாட்டும்.

11. வகைப்பெயர் கடைசியில்

ரஸ்ஸல் ராபின்சன் 1975இல் வெளியிட்ட வகைப்பாடு ஆங்கில உலகில் நிலைத்திருக்கிறது: கூலுஸ், இம்பீரியல் காலிக், இம்பீரியல் இட்டாலிக், ஒவ்வொன்றுக்கும் எழுத்து வரிசை. ஐரோப்பியப் பெருநிலத்தில் கண்டெடுத்த இடங்களின் பெயரால் ஹாகனவ், வைசனவ், நீடர்பீபர் என்பார்கள். ராபின்சன் பிரித்த காலிக், இட்டாலிக் இரண்டையும் வைசனவ் என்ற ஒரே பெயருக்குள் அடக்குவார்கள். நீடர்பீபர் வகையை ராபின்சன் குதிரைப்படைக்குக் கொடுத்தார்; காலாட்படையும் அணிந்தது என்று பின்வந்தவர்கள் வாதிடுகிறார்கள்.

ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றதை விடாதீர்கள். இரண்டுக்கும் தனிப் பத்தி, யார் எப்போது அப்படி வகைப்படுத்தினார் என்பதற்கு இன்னொன்று. ஒப்பிடுவதற்குப் போதுமான படங்கள் சேர்ந்த பிறகு நிரப்புங்கள். முதலிலேயே பெயர் வைத்தால் கண் அதற்குரிய அடையாளங்களை மட்டும் தேடும்.

12. ஏலக் கவசங்கள்

இவற்றை ஒதுக்கவும் வேண்டாம், மற்றவற்றோடு கலக்கவும் வேண்டாம். கிண்ணப் பகுதி ஒரு கவசத்திலிருந்தும் கன்னத் தகடு இன்னொன்றிலிருந்தும் சேர்த்து விற்பது உண்டு. முழுப் போலிகளும் உண்டு. பண்பாட்டுப் பொருள்களின் சட்டவிரோத வணிகத்தைத் தடுக்கும் 1970ஆம் ஆண்டு யுனெஸ்கோ உடன்படிக்கைக்கு முன்பே, கிடைத்த நாட்டுக்கு வெளியில் இருந்தது என்பதற்கு ஆவணம் உள்ளதா என்ற கேள்விக்கு ‘ஆம், இல்லை, தெரியாது’ என்று ஒரு பத்தி வையுங்கள். அங்கே ‘ஆம்’ இல்லாதவற்றை வகை ஆய்வுக்கு ஆதாரமாக எடுக்காதீர்கள்.

13. சேமிப்பு, வெளியீடு, திருத்தம்

கோப்புப் பெயர்: எண், பார்வை, ஆண்டு, எடுத்தவர். இடைவெளி விடாமல் ஆங்கில எழுத்தில் எழுதுங்கள். எல்லா மென்பொருளும் வாசிக்கும். எடுத்தவர் பெயரையும் உரிமத்தையும் படக்கோப்பின் உள்ளேயே பதியுங்கள், ஏனெனில் படம் ஸ்ப்ரெட்ஷீட்டைப் பிரிந்து தனியே பயணம் போகும். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்றாவது வேறு ஊரில்.

‘இருப்பிடம்’ பத்திக்கு அருகில் ‘சரிபார்த்த தேதி’ கட்டாயம். பல்கேரியாவின் பிளோவ்திவ் அருங்காட்சியகத்தின் முகமூடிக் கவசம் 1995இல் திருடுபோனது. பழைய நூல்களை மட்டும் பார்த்து எழுதுபவர்கள் அது அங்கேயே இருப்பதாகப் பதிகிறார்கள். திருடுபோன பொருள் எங்காவது விற்பனைக்கு வந்தால் அடையாளம் காட்டுவது சேதத்தைத் தெளிவாகக் காட்டும் படம்தான். ஆகவே அத்தகைய பதிவுகளுக்குக் கிடைக்கும் எல்லாப் பழைய படங்களையும், மங்கலாக இருந்தாலும், சேருங்கள்.

வெளியீட்டுக்குப் பதிப்பு எண்ணும் தேதியும் இடுங்கள். பதிவு தவறென்று தெரிந்தால் வரியை அழிக்காமல் ‘0017, 0009இன் இரட்டைப் பதிவு’ என்று குறித்து விடுங்கள். அந்த எண்ணை மறுபடி வேறு கவசத்துக்குக் கொடுக்காதீர்கள். யாரோ ஒருவர் தன் கட்டுரையில் அந்த எண்ணை ஏற்கெனவே மேற்கோள் காட்டியிருப்பார்.